அறுபது வயது நிறையாத கட்டடங்கள்

திருநெல்வேலி சந்திப்புக்கு வந்துபோகும் எவரும் ஈரடுக்கு மேம்பாலத்தை ஒரு முறையாவது கடந்திருப்பார்கள். நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. ரயில் பாதையைத் தாண்டுவதற்காக எழுப்பப்பட்டு 1973இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் கான்கிரீட் வில் வளைவுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கோடும் நிழலும் பழகினேன். இன்று நவீனக் கட்டடங்களைப் படமெடுப்பதற்காக ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் கோயில் கோபுரத்தை எடுக்கும்போது காட்டும் கவனத்தை, ஐம்பது ஆண்டு வயதுள்ள கான்கிரீட் கட்டடத்திடம் காட்டுவதில்லை என்பது என் மனக்குறை.

கோபுரம் நாளையும் இருக்கும். கான்கிரீட்டுக்கு அந்த உறுதி இல்லை. புதுதில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புப் பொறியாளராக இருந்து, 1972இல் எழுந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சி அரங்கு உலகம் அறிந்த கட்டடம். அறுபது ஆண்டு நிறையாததைப் பாரம்பரியப் பட்டியலுக்குப் பரிசீலிக்க இயலாது என்று உரிய குழு கைவிரித்த பின், 2017 ஏப்ரலில் அது இடிக்கப்பட்டது. மத்தியச் சட்டத்தின்படி தொல்சின்னம் என்ற தகுதிக்கு நூறு ஆண்டு வேண்டும். இடைப்பட்ட வயதில் ஒரு கட்டடம் போய்விட்டால் வரைபடமும் புகைப்படமுமே மிஞ்சும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துப் பழைய திரையரங்கு ஒன்றை, மொசைக் தரைக்காகவும் முகப்பிலிருந்த சிமெண்ட் ஜாலிக்காகவும் எடுத்தேன். டிக்கெட் கவுண்டருக்கு மேல் தொங்கிய, பெயிண்ட் உரிந்த கட்டணப் பலகை என் கண்ணை உறுத்தியதால் மென்பொருளில் அதை அழித்தேன்; மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளவில்லை. அரங்கு இடிக்கப்பட்ட பிறகு அங்கே ஆப்பரேட்டராக இருந்த அண்ணாச்சி ஒருவர் படத்தைக் கையில் வாங்கி, “பெஞ்சு டிக்கெட் எவ்வளவுன்னு போட்டிருந்துச்சு, பாத்துச் சொல்லுங்க தம்பி” என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் வழவழப்பான வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒயர், கறை, ஏசிப் பெட்டி எதையும் அழிப்பதில்லை. விளம்பரத்துக்கான பிரதி வேறு, ஆவணத்துக்கான பிரதி வேறு. கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா (RAW) கோப்பைத் தேதியோடும், எந்தத் திசையிலிருந்து எடுத்தேன் என்ற குறிப்போடும் இரண்டு இடங்களில் சேமிக்கிறேன். கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போகக் குவியும். மட்டம் பார்த்து நிறுத்தி, கேமராவை அசைக்காமல் தனியே நகர்த்தக்கூடிய டில்ட்-ஷிப்ட் லென்ஸை மேலே நகர்த்தினால் நேராக நிற்கும். அந்த விலைக்கு வழியில்லாதவர்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் அனுமதி கேட்டு ஏறிக்கொள்ளலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்தேன்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டு நூல்களை அப்படியே நம்பக் கூடாது. வடக்கு முகப்பில் வெயில் விழாது என்று அவை கூறுவது அவர்களுடைய அட்சரேகைக்குப் பொருந்தும். நாம் ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு முகப்பின் சன்ஷேடு நிழலை எடுக்க வேண்டுமானால் அந்த மாதங்களில்தான் போக வேண்டும். அந்தி நீலமும் இங்கே இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடித்தால் அதிகம். ஆகையால் டிரைபாடை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

சட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடுவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மீறல் ஆகாது. அதற்காக வளாகத்துக்குள் நுழையும் உரிமை கிடைத்துவிடாது. சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் உள்ள சண்டிகர் கேபிடல் வளாகத்துக்கே அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். டிரோனுக்கு, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் 2021ஆம் ஆண்டு விதிகளின் வண்ண மண்டலங்களைப் பார்த்தாக வேண்டும். நம் பக்கத்துக் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ஆகிய வளாகங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

திரையரங்குப் படத்தில் ஒரு பிரதியை அந்த அண்ணாச்சிக்கே கொடுத்தேன். பலகை இருந்த இடத்தில் அவரே பேனாவால் ஒரு தொகையை எழுதிக்கொண்டார். அது சரிதானா என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.