கடல் அட்டையின் சர்க்கரைச் சங்கிலி இரத்தத்தில் என்ன செய்கிறது?

மூட்டுவலி முதல் புற்றுநோய் வரை எல்லாம் தீரும் என்று சொல்லி விற்கப்படும் கடல் அட்டை மாத்திரைகளை நான் நம்புவதில்லை. ஆனால் கடலடியில் வாழும் அந்த உயிரினத்தின் தடித்த உடற்சுவரில் உள்ள ஒரு சேர்மம் உண்மையாகவே வியக்க வைக்கிறது.

நம் குருத்தெலும்பில் கான்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. கடல் அட்டையிலும் அது உண்டு. கூடவே சல்பேட் ஏறிய ஃபியூகோஸ் சர்க்கரைகள் கிளைகளாக ஒட்டியிருக்கும். இந்தச் சங்கிலி இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. 1990களில் பிரேசில் ஆய்வாளர்கள் கிளைகளை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அந்தத் திறனும் போய்விட்டது.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை உறைவுக் காரணிகள் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். காயம்பட்டதும், திசுவில் இருக்கும் திசுக்காரணி என்ற புரதமும் 7ஆம் உறைவுக் காரணியும் சேர்ந்து உறைதலைத் தொடங்கிவைக்கின்றன. 8, 9ஆம் காரணிகளின் கூட்டு அதைப் பன்மடங்கு பெருக்குகிறது. இரு வழிகளும் 10ஆம் காரணியில் சேர்ந்து, இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் உறைவுத் தடுப்பு மருந்தான ஹெப்பாரின், ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை முடுக்கி, 10ஆம் காரணியையும் த்ராம்பினையும் அடக்குகிறது. வழிகள் சேரும் இடத்திலேயே தடை விழுவதால், இரத்தக்கட்டி தடுக்கப்படும்போதே இரத்தக்கசிவு அபாயமும் வருகிறது. கடல் அட்டைச் சங்கிலியின் சிறு துண்டுகளோ 8, 9 கூட்டையே குறிவைக்கின்றன. தொடக்கி வைக்கும் வழி திறந்தே இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் இரத்தக்கட்டி குறைந்தது. இரத்தக்கசிவு பெரிதாகக் கூடவில்லை.

முழுச் சங்கிலியை அப்படியே செலுத்த முடியாது. அது இரத்தத் தட்டுகளைத் திரளச் செய்யும். 12ஆம் காரணியைத் தூண்டி இரத்த அழுத்தத்தையும் சரியவைக்கும். 2008இல் ஹெப்பாரினில் கலந்திருந்த, மிகையாகச் சல்பேட் ஏற்றிய கான்ட்ராய்ட்டின் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்ததும் இந்த 12ஆம் காரணி வழியாகத்தான். அதனால்தான் சங்கிலியை வெட்டிக் குறுக்குகிறார்கள். திறன் குன்றாமல் இருக்க சுமார் 9 சர்க்கரைகள் வேண்டும் என்று தெரியவந்திருக்கிறது.

இதையெல்லாம் மாத்திரையோடு முடிச்சுப் போடக்கூடாது. மின்னூட்டம் மிகுந்த இத்தகைய நீண்ட சங்கிலிகளைக் குடல் எளிதில் உறிஞ்சாது. ஹெப்பாரின் ஊசியாகவே போடப்படுவதும் அதனால்தான். மனிதர்களிடம் முறையான மருத்துவச் சோதனைகள் முழுமையாக முடியாமல் இதை மருந்து என்று சொல்வது தவறு.

மூலப்பொருளும் எளிதில் கிடைப்பதல்ல. அளவுக்கு மீறிப் பிடித்ததால் உலகின் பல கடல்களில் கடல் அட்டை அருகிவிட்டது. மன்னார் வளைகுடா உட்பட இந்தியக் கடல்களில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த 9 சர்க்கரைத் துண்டை ஆய்வகத்திலேயே கட்டியெழுப்ப வேதியியலாளர்கள் முயல்வதை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன்.