ராத்திரி முழுக்க ‘உம்ம்’ என்று கேட்கிறதா?

“டாக்டருங்க, படுத்தா உம்ம்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. ஊட்டுல வேற ஆருக்கும் கேக்கறதில்லீங்க. எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுங்கறாங்க.”

பல்லடம், சோமனூர் பக்கமிருந்து காது பார்க்க வருகிறவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். ‘மனப்பிரமை’ என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுதான் அவர்களுக்குத் தூக்கமின்மையை விடப் பெரிய வேதனை. முதலில் அவர்களை நம்புங்கள்.

நொடிக்குச் சுமார் 20 முதல் 200 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரையிலான, சுருதி தாழ்ந்த ஒலி இது. நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. நூற்பாலை புளோயர், கம்ப்ரஸர், ஜெனரேட்டர், கோழிப்பண்ணை ஈசி ஷெட்டின் (நாலுபுறமும் மூடி, ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் கொட்டகை) பெரிய ஃபேன்கள் எல்லாம் விடிய விடிய ஓடுகின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் 100 ஹெர்ட்ஸ். இரண்டு ஃபேன்கள் சற்றே வேறு வேகத்தில் சுற்றினால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். அதுதான் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது.

ஒருவருக்கு மட்டும் ஏன் கேட்கிறது? தாழ்ந்த ஒலியைக் கேட்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். பல வருஷம் தறி ஓட்டியவர்களுக்கு முதலில் தேய்வது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். தாழ்ந்தது அப்படியே நிற்பதால், மற்ற சத்தம் குறைந்த காதில் உறுமல் மட்டும் தூக்கலாகத் தெரியும்.

சத்தம் காதிலா, வெளியிலா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். நின்றுவிட்டால் உங்கள் ஃபிரிட்ஜோ இன்வெர்ட்டரோதான். நிற்காவிட்டால், பராமரிப்புக்காக ஊருக்கே கரண்ட் நிறுத்தும் நாளில் சத்தம் நிற்கிறதா என்று கவனியுங்கள். மாமியார் ஊரில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் வந்தால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஓர் அம்மாவின் வீட்டில் சமையலறை ஸ்டாண்டில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ராத்திரியில் மெல்ல அதிர்ந்தன. கை வைத்தால் நின்றது, எடுத்தால் மறுபடி. பக்கத்து ஷெட்டில் கம்ப்ரஸரை நேரடியாகக் காங்கிரீட்டில் போல்ட் அடித்திருந்தார்கள். மகன் போய், “ஏனுங்கண்ணா, அம்மாவுக்குத் தூக்கமே இல்லீங்க, ஒருக்கா வந்து பாருங்க” என்று கூட்டிவந்து தட்டைத் தொடச் சொன்னார். அடியில் ரப்பர் பேட் வைத்து, பைப்பில் வளையும் ஹோஸ் போட்ட பிறகு அதிர்வு வெகுவாகக் குறைந்தது. இந்தச் சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் அடக்குவதே சரியான வைத்தியம்.

ஜன்னலைச் சாத்துவதும் காதில் பஞ்சு வைப்பதும் பலருக்கு எதிர்மாறாகத்தான் முடிகிறது. மெல்லிய சத்தங்கள் மறைந்து, உறுமல் இன்னும் தெளிவாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அதை ஒன்றும் செய்யாது. அறைக்குள் சுவரோரமும் மூலையும்தான் இந்த ஒலி தடித்து நிற்கும் இடங்கள். ஆகவே கட்டிலின் தலைமாட்டைச் சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளிப் போடுங்கள். காசு செலவில்லாத இந்த மாற்றத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். உறுமலை மறைக்க டேபிள் ஃபேன் சத்தமும் உதவும்.

புகார் கொடுப்பதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். ஆனால் அது ‘ஏ’ அளவுகோலில். 50 ஹெர்ட்ஸ் ஒலியை அந்த அளவுகோல் சுமார் 30 டெசிபல் குறைத்தே காட்டும். ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று பதில் வந்தால், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ அளவிலும் அலைவரிசை வாரியாகவும் அளக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள்.

சத்தம் குறையும்வரை, படுத்தபடி அதைத் தேடிக் கேட்காதீர்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது படுங்கள். காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது.

நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, தலைசுற்றலோ காது மந்தமோ கூட இருந்தாலோ தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே வர வேண்டும்.