ஈரலில் நீர்க்கட்டி: கத்தியை வைக்காதீர்கள்

ஆட்டு ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளைத் தோல் போர்த்திய நீர்க்கட்டி தென்பட்டால் பல கறிக்கடைகளில் நடப்பது இதுதான். கட்டியைக் கீறித் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் அறுத்து எறிவார்கள். மீதி ஈரல் தராசுக்கு. எறிந்த துண்டு வாசலில் நிற்கும் நாய்க்கு.

எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம்தான் அந்தக் கட்டி. வளர்ந்த புழு நாயின் சிறுகுடலில் வாழும். நீளம் சில மில்லிமீட்டர்தான். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லோடு ஆடுமாடுகளின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கிருந்து ஈரலையோ நுரையீரலையோ அடைந்து கட்டியாகின்றன. அந்தக் கட்டியை நாய் தின்றால், உள்ளிருக்கும் புழுத் தலைகள் நாயின் குடலில் மறுபடி புழுவாக வளரும்.

கட்டியின் சுவர் முழுதாக இருக்கும்வரை உள்ளே நீர் தெளிவாக இருக்கும், பாக்டீரியாவும் பெரும்பாலும் இருக்காது. கட்டி பெரிதாகிப் பித்தக்குழாயை நெருக்கும்போதுதான் சிக்கல். சுவரில் மெல்லிய விரிசல் விழுந்தால் பித்தத்தோடு ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் நுழையலாம். நுரையீரலில் மூச்சுக்குழல் வழியாக நுழையும். உள்ளே புரதமும் சர்க்கரையும் உண்டு. ஆட்டின் எதிர்ப்பு அணுக்களோ அவ்வளவு எளிதில் எட்டாது. நீர் கலங்கி, மஞ்சள் சீழாகிவிடும். ஆடு மட்டும் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும்.

சீழ் பிடித்த கட்டியில் புழுவின் தலைகள் பெரும்பாலும் செத்துவிடும் என்று சொன்னபோது, "அப்போ நாய்க்குப் போடலாமே சார்" என்றார் ஒரு கடைக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஈரலில் இரண்டு விரல் தள்ளி இன்னொரு கட்டி தெளிந்த நீரோடு உயிர்ப்பாக இருக்கலாம். வெளியே தடவிப் பார்த்து எது எதுவென்று பிரிக்க முடியாது. கீறிப் பார்த்தால் சீழ் கத்திக்கும் பலகைக்கும் அடுத்த கறிக்கும் பரவும்.

எனவே கட்டியைக் கீறாமல், ஈரலை முழுதாக ஒதுக்கி ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். தொட்ட கத்தியைக் கொதிநீரில் போட்ட பிறகே அடுத்த வேலை. பரிசோதனைக்கு அனுப்புவதானாலும் உறுப்பை முழுதாக அனுப்புங்கள். கடைக் கத்தியால் திறந்தால், ஆய்வகத்தில் வளர்வது கட்டியின் பாக்டீரியாவா கத்தியின் பாக்டீரியாவா என்று தெரியாது.

சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டாம். வெந்த கறியால் மனிதருக்கு இந்தக் கட்டி வராது. நாயின் மலத்திலுள்ள முட்டை கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ வாய்க்குள் போனால்தான் வரும். கறிக்கடையைச் சுற்றும் நாய்களுக்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டல் என்னும் நாடாப்புழு மருந்து கொடுப்பது நல்லது. நாய் வயிற்றில் போன புழு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆகும்.