ஊசி அசைந்தால் போதுமா? பழைய ஒளிமானியைச் சோதிக்கும் முறை

பழைய பிலிம் கேமராவை விலைபேசும்போது எல்லோரும் அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். ஒளிமானியின் ஊசி எழுந்தால் "மீட்டர் வேலை செய்கிறது" என்று விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஒளியை உணரும் பகுதியான ஒளிக்கலம் இன்னும் சாகவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த ஊசியை நம்பி 36 படங்கள் எடுக்கலாமா என்பதற்கு வேறு சோதனை தேவை. பிலிமின் இன்றைய விலையில் அதைச் செய்யாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

முதலில், சரியான அளவு என்பது எது? கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரில் இருப்பது வெள்ளைச் சுவரா, கறுப்புக் கம்பளியா என்று தெரியாது. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து, அந்தப் பொருள் நடுத்தரச் சாம்பலாகப் பதியும்படி ஷட்டர் வேகத்தையும் துளை அளவையும் சொல்கிறது. எந்தப் பிரகாசத்தை நடுத்தரமாகக் கொள்வது என்பதைத் தயாரிப்பாளர்கள் 'கே' என்ற மாறிலியால் குறிக்கிறார்கள். கேனான், நிக்கான், செகோனிக் ஆகியவற்றுக்கு அது 12.5, மினோல்டா, பென்டாக்ஸ் ஆகியவற்றுக்கு 14. இதனாலேயே பழுதில்லாத இரண்டு ஒளிமானிகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஸ்டாப் வேறுபடலாம் (ஒளி இரட்டிப்பானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்). அதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

உண்மையான பிழை ஒளிக்கலத்தின் வகையைப் பொறுத்தது. வெஸ்டன் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் பரவலாக்கிய செலீனியக் கலம், ஒளி பட்டவுடன் தானே மின்னோட்டத்தை உண்டாக்கும், பேட்டரி வேண்டாம். ஈரம் புகுந்து நாளடைவில் வலுவிழந்தால், இருக்கும் ஒளியைவிடக் குறைவாகக் காட்டும். படம் தேவைக்கு மேல் வெளிறிவிடும்.

1960களில் பரவிய காட்மியம் சல்ஃபைடு கலத்தின் கதை வேறு. ஒளி கூடும்போது அதன் மின்தடை குறையும். மின்சாரம் பேட்டரியிலிருந்து வர வேண்டும். அக்காலப் பாதரச பேட்டரி தீரும்வரை ஏறக்குறைய 1.35 வோல்ட்டை விடாமல் கொடுத்தது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அது சந்தையிலிருந்து மறைந்தது. அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டே தடுத்தது. அதன் இடத்தில் வைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். மினோல்டா எஸ்ஆர்-டி 101 போன்ற கேமராக்களில் கூடுதல் வோல்ட் ஊசியைத் தூக்கிவிடும். ஒளி அதிகம் என்று கேமரா நம்பும், படம் இருண்டுவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதில் உள்ள சமனச் சுற்றில் இரு பக்க மின்தடைகளின் விகிதம் ஒத்துப்போகும்போதுதான் ஊசி நடுவில் நிற்கும். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அந்த நடுப்புள்ளி நகராது. அதை வடிவமைத்தவர்களின் முன்யோசனையை இன்றும் பாராட்டத் தோன்றுகிறது.

சோதனைக்கு வருவோம். பலர் நம்பும் முறை, தெளிவான வானத்தின் கீழ் உச்சி வெயிலில் பார்ப்பது. ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) 100 உள்ள பிலிமுக்குத் துளை அளவு எஃப்/16, ஷட்டர் வேகம் 1/100 நொடி என்பது பழைய விதி. வெயிலில் வைத்த நடுத்தரச் சாம்பல் நிற அட்டையை அளந்தால் ஏறக்குறைய இதுவே வர வேண்டும். வீட்டுக்குள் என்றால் வெள்ளைத் திரை காட்டும் கணினி உதவும். சதுர மீட்டருக்கு 240 கேண்டெலா பிரகாசமுள்ள திரையை, 12.5 மாறிலி கொண்ட ஒளிமானி ஐஎஸ்ஓ 100இல் எஃப்/8, 1/30 நொடி என்று படிக்க வேண்டும். பல மடிக்கணினிகளின் முழுப் பிரகாசம் இதை ஒட்டியே இருக்கும். லென்ஸின் பார்வை முழுவதையும் திரை நிரப்பட்டும். விளிம்பு தெரிந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஆனால் இவை இரண்டும் ஒரே ஒரு பிரகாசத்தில் செய்யும் சோதனைகள். எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டும் தராசில் அதைக் கழித்துவிட்டு வியாபாரம் செய்யலாம்; ஒரு கிலோவுக்கு ஒரு பிழையும் ஐந்து கிலோவுக்கு வேறொன்றும் என்றால் என்ன செய்வது? ஒளிமானியிலும் அளவெல்லை முழுவதும் பிழை ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே நான் முதலில் அறிய விரும்புவது. இதற்கு உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், இயற்பியல் போதும். இருட்டறையில் ஒரே ஒரு பல்பை ஏற்றி, வெள்ளை அட்டையை அதற்கு நேராக நிறுத்துங்கள். கேமராவை நகர்த்தாமல், அட்டை மட்டும் தெரியும்படி அளவெடுங்கள். பல்பு அரை மீட்டர் தொலைவில் இருக்கும்போது ஒரு முறை, ஒரு மீட்டரில் ஒரு முறை, இரண்டு மீட்டரில் ஒரு முறை. தொலைவு இரட்டிப்பானால் அட்டையில் விழும் ஒளி நான்கில் ஒன்றாகும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஊசி சரியாக இரண்டு ஸ்டாப் இறங்க வேண்டும். பல்பின் உண்மையான பிரகாசம் உங்களுக்குத் தெரியவே வேண்டாம். காட்மியம் சல்ஃபைடு கலம் சிவப்பு ஒளிக்குச் சற்று அதிகமாக மயங்கும் என்பதுகூட இங்கே தடையில்லை, ஏனெனில் நாம் பார்ப்பது விகிதத்தை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: அந்தக் கலத்துக்கு நினைவு உண்டு. பளிச்சென்ற ஒளியைப் பார்த்த பிறகு சற்று நேரம் பொய் சொல்லும். ஒவ்வொரு அளவுக்கும் முன் காத்திருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரு ஸ்டாப் குறைவாகக் காட்டினால் கவலையில்லை. ஐஎஸ்ஓ 100 பிலிமுக்குக் கேமராவின் ஐஎஸ்ஓ வளையத்தை 200இல் வைத்தால் தீர்ந்தது. மங்கலான ஒளியில் மட்டும் தடுமாறினால், அந்தக் கேமராவின் மீட்டரைப் பகல் வேளைக்கு மட்டும் நம்புங்கள். கலர் நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளியைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு பிலிம் அரை ஸ்டாப் தவறினாலே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் போடும் முன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்துவிடுங்கள்.