பயோபிக் – வாழ்க்கை வரலாற்றுப் படம்

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கதையை, அவர் பெயரிலேயே நடிகர்களைக் கொண்டு சொல்லும் திரைப்படம் 'பயோபிக்' எனப்படுகிறது. ஆவணப்படம் இதில் சேராது. ஒருவர் வாழ்க்கையின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை மாற்றிவிடும் படமும் சேராது.

'பயோகிராஃபிக்கல்', 'பிக்சர்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி, அமெரிக்கத் திரைத்துறையில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்த சுருக்கம் இது. முதற்சொல்லின் வேர் கிரேக்கம்: 'பயோஸ்' என்பது வாழ்வு, 'கிராஃபீன்' என்பது எழுதுதல்.

தமிழில் 'சரிதம்', 'சரித்திரம்' ஆகிய வடசொற்கள் நெடுங்காலம் வழங்கின, உ.வே.சாமிநாதையர் தம் தன்வரலாற்றுக்கு 'என் சரித்திரம்' என்றே பெயரிட்டார். இன்று பரவலாக எழுதப்படும் 'வாழ்க்கை வரலாற்றுப் படம்' நல்ல தமிழாக்கம். வரலாறு என்பதை வரல், ஆறு எனப் பிரித்து, வந்த வழி என்று பொருள் சொல்வர். வழியின் ஒரு பகுதியைக் காட்டினாலும் அது வரலாறே என்பதால், பிறப்பு முதல் இறப்பு வரை அனைத்தும் இடம்பெற்றாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு இச்சொல்லில் இடமில்லை.

நந்திதா தாஸ் எழுதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மண்ட்டோ' இதற்குத் தக்க சான்று. 1912இல் பிறந்து 1955இல் லாகூரில் மறைந்த உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவின் வாழ்க்கையில், இந்தியப் பிரிவினையை ஒட்டிய சில ஆண்டுகளையே படம் எடுத்துக்கொள்கிறது. கலவரத்திலிருந்து தப்பி வந்த சீக்கியக் குடும்பத்தின் துயரைக் கேட்டுக் கொதித்திருந்த நண்பர் ஷியாமிடம், "நானும் முஸ்லிம்தானே, என்னைக் கொல்வாயா?" என்று மண்ட்டோ கேட்கிறார், அத்துயரைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொன்றிருக்கக்கூடும் என்ற ஷியாமின் பதில், தாம் உயிராய் நேசித்த பம்பாயை விட்டு அவர் 1948 தொடக்கத்தில் லாகூருக்குப் போனதன் பின்னணியில் நிற்கிறது. அங்கே 'தண்டா கோஷ்த்' கதைக்காக ஆபாச வழக்கு. சாட்சி சொல்ல வந்த கவிஞர் ஃபைஸ், கதை ஆபாசமானதன்று என்றாலும் உயர்ந்த இலக்கியத் தரத்தை எட்டவில்லை என்றார்.

இவ்வாழ்க்கைக் காட்சிகளுக்கு இடையே மண்ட்டோவின் சிறுகதைகள் முன்னறிவிப்பின்றி நுழைகின்றன. கற்பனை கலந்ததால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது என்று தள்ளுவதை ஏற்க இயலாது. எழுத்துக்காகவே நீதிமன்றம் ஏறியவரின் வாழ்க்கையை அவ்வெழுத்தை விலக்கிவிட்டுச் சொல்வதுதான் குறையாகும்.

பயோபிக்கை 'வாழ்வியல் படம்' என்று எழுதுவது பொருந்தாது. வாழ்வியல் என்பது வாழும் முறையைக் குறிக்குமே தவிர, ஒருவர் வாழ்ந்த கதையைக் குறிக்காது.