கொல்லைப்புறத் தீ எரிஉலை ஆகாது

மீண்டும் ஒரு தூய்மைப் பணியாளர், உள்ளங்காலில் ஊசி ஏறி வந்திருக்கிறார். ஒரு கிளினிக்கின் பின்புறம், "மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் எரித்தாயிற்று" என்று சொல்லப்பட்ட சாம்பல் மேட்டில் கிடந்த ஊசி. தடுப்பு மாத்திரை, தடுப்பூசி, மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனை எல்லாம் அவருக்கு. நெருப்பு வைத்தவருக்கு ஒன்றுமில்லை. தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருக்கும் எனக்கு அலுத்துவிட்டது.

"நெருப்பில் போட்டால் எந்தக் கிருமி பிழைக்கும்?" மருத்துவர்களே கேட்கிறார்கள்! விதிப்படியான எரிஉலையில், புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறையில் வெப்பம் சுமார் 1,050 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். புகை அங்கே 2 நொடியாவது தங்க வேண்டும். உங்கள் கொல்லையில் எரிவது அதுவா? மேலே கொழுந்துவிடும், அடியில் வெறுமனே புகையும். பஞ்சின் வெளிப்புறம் கருகும், உள்ளே இரத்தம் ஈரமாகவே இருக்கும். ஊசி உருகாது. டிரிப் குழாய்கள் பெரும்பாலும் பிவிசி, அதாவது குளோரின் கலந்த பிளாஸ்டிக். அரைகுறையாக எரிந்தால் புற்றுநோய் தரும் டையாக்சின் உருவாகும். அந்தப் புகை அடுத்த வீட்டுக்குள்தான் போகிறது.

பிளாஸ்டிக்கை எரிக்கத் தேவையே இல்லை. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி டிரிப் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை, சிறுநீர்ப் பை எல்லாம் சிவப்புப் பைக்குரியவை. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 60 நிமிடம். பிறகு துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்பலாம். சமையலறைக் குக்கரின் அழுத்தம்தான் அது, நேரம்தான் அதிகம். (ஆட்டோகிளேவ் இயக்குபவர்களுக்கு: பைகளைத் திணித்தால் நீராவி உள்ளே புகாது. வெப்பம் பட்டதைக் காட்டும் பட்டை நிறம் மாறியதும் நிம்மதி அடையாதீர்கள், வெப்பத்தை எளிதில் தாங்கும் பாக்டீரியா வித்துகளும் செத்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனையும் செய்யுங்கள்.) 75 கிலோமீட்டருக்குள், பல மருத்துவமனைகளின் கழிவையும் வாங்கிச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் நீங்கள் தனியாக எதுவும் அமைக்க வேண்டியதில்லை, விதியும் அதற்கு இடம் தராது. சிவப்புப் பையோடு, இரத்தம் தோய்ந்த பஞ்சும் திசுக்களும் மஞ்சள் பையில் அந்த நிலையத்துக்கே போகட்டும்.

உங்கள் வேலை, பிரிப்பது மட்டும். அதையும் கட்டிலருகிலேயே செய்யுங்கள். மாலையில் ஆயாவைக் கிளறவிடாதீர்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். நேராக, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்காதீர்கள்.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைக் குப்பையில் எறியாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, பக்கத்து மருத்துவமனையில் கொடுங்கள். அப்படிக் கொண்டுவருபவரை மருத்துவமனைகளும் தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.