நெரிசல் வருவதற்கு முன்பே கட்டணம் ஏன்?

"வண்டிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன, பிறகு எதற்குக் கட்டணம்?" சிங்கப்பூர் விரைவுச்சாலையில், கடக்கும் வண்டிகளிடம் நெரிசல் கட்டணத்தைத் தானாக எடுக்கும் மின்னியல் கட்டண வளைவைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார். கட்டணம் இருப்பதால்தான் ஓடுகின்றன.

கணக்கு எளிது. ஒரு தடத்தில் கிலோமீட்டருக்கு 30 வண்டி, வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 1,800 வண்டிகள் கடக்கும். அதே கிலோமீட்டரில் 60 வண்டிகள் நெருங்கினால் இடைவெளி சுருங்கும். முன்னால் ஒருவர் பிரேக்கைத் தொட்டதும் பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிப்பார்; அந்த அலை பின்னோக்கியே ஓடும். வேகம் 20-க்கு விழுந்தால் கடப்பது 1,200 வண்டிகள்தான். சாலையில் வண்டிகள் இரட்டிப்பு, கடப்பதோ மூன்றில் இரண்டு பங்கு! சாலை மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து அதன் திறன் சரிகிறது. சரிந்தபின் நாலு வண்டியைக் குறைத்தால் மீளாது; தேங்கிய வரிசை முழுக்கக் கரைய வேண்டும். ஆகவே சரிவுக்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் விரைவுச்சாலைக்கு 45–65, மற்ற முக்கியச் சாலைகளுக்கு 20–30 கிலோமீட்டர் வேகத்தை இலக்காக வைத்தது. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். இறங்கும் என்பதுதான் முக்கியம். நோக்கம் வசூல் அல்ல.

தவறுகளும் நடந்தன. 1975 ஜூனில், நகர மையத்துக்குள் காரில் நுழையக் காகித உரிமம் வாங்கும் முறையாகத் தொடங்கியபோது கட்டண நேரம் காலை 7.30 முதல் 9.30 வரை. பலர் 9.30 வரை காத்திருந்து மொத்தமாக உள்ளே நுழைந்தார்கள். ஓரிரு மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1998-இல் மின்னியல் முறை வந்த பிறகும் கட்டணம் மாறும் நிமிடத்தை ஒட்டிச் சிலர் வளைவுக்கு முன் ஊர்ந்தார்கள், சிலர் பறந்தார்கள். அதனால் இடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடுத்தரக் கட்டணம் சேர்த்தார்கள்.

நம் ஊர்களில் மணிவாரியாக வேகத்தை அளக்காமலே மேம்பாலத்துக்குக் கோடிகளை ஒதுக்குகிறோம். முதல் பணம் அளவீட்டுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவீடு மட்டும் போதாது, மாற்று வழியும் வேண்டும். 1975-இல் நகர மையத்தின் விளிம்பில் சுமார் 10,000 கார்களுக்கு நிறுத்துமிடமும் அங்கிருந்து பேருந்தும் ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. காரில் கிளம்பியவர் பாதி வழியில் இறங்கி மாற விரும்பவில்லை. மாறியவர்கள் வீட்டருகிலேயே பேருந்து ஏறினார்கள். 1987-இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலின் (மெட்ரோ) நிலையங்களும் பேருந்து முனையங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவிலேயே அமைந்தது இதனால்தான் பயன் தந்தது.